ஜெசிந்தாவின் முதல்

சகாயம் வந்தபோது ஆரோன் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். படியேறி வந்த வேகத்தில் சகாயத்துக்கு மூச்சு வாங்கியது. அவன் ஆரோனின் சித்தி மகன். படகு எஞ்சின் பார்க்கிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் அப்பியிருக்கும். இன்று கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான்.

"அண்ணே, நியூஸ் பாத்தியளா?"

"என்னது?"

"ஒட்டுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சிட்டாங்க. நம்ம தூத்துக்குடியிலயே ஒரு எடத்துல பண்ணுதாங்களாம். ஒரு தடவ போய்ப் படுத்தாப் போதும், அதுக்கப்புறம் வேணும்னே தோணாதாம்." சகாயம் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டான். "அவனவன் முதல் அவனவனுக்குத் திரும்பக் கெடைக்கணும். அவ்வளவுதான். என் முதல் ஒங்ககிட்டதான இருக்கு? அத வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

இரவல் கொடுத்த குடையைத் திரும்பக் கேட்பவனைப்போல அவன் முகம் தெளிவாக இருந்தது. ஆரோன் கையில் ஈரக் கைலி சொட்டிக்கொண்டிருந்தது.

ஒட்டு என்பது நகத்தளவு மெல்லிய தாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், மூளையில் இன்பம் பிறக்கிற இடத்தைத் தொட்டு எழுப்பும். ஆனால் ஒரு ஆளுக்கு முழுதாக வேலை செய்வது ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை பாதிகூட இருக்காது. அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது, உடம்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த முதல் தடவையில் மூளையில் எழுகிற அலையை ஒட்டே தனக்குள் பதிந்துகொள்ளும். அப்படிப் பதிந்த ஒட்டை இன்னொருவன் எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்தால், அவனுக்கு அந்த இன்பம் அப்படியே கிடைக்கும். சில தடவைகளில் அதுவும் தேய்ந்துவிடும். பிறகு, இதுவரை ஒட்டே போடாத இன்னொரு ஆளைத் தேட வேண்டும்.

பதிந்த ஒட்டுக்குத் தெருவில் 'முதல்' என்று பெயர். முதல் தடவை என்பதால் வந்த பெயர். கடைக்காரர்கள் போடுகிற முதல் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. மற்ற போதைகளில் சிலர் விற்பார்கள், சிலர் வாங்குவார்கள். ஒட்டில் அந்தப் பிரிவே கிடையாது. போடுகிறவன் எவனும் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். 'தலைவலிக்கு நல்லது', 'ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல ஓர் ஆள், நம்ப ஓர் ஆள்.

ஆரோனுக்கு அப்படிச் சொன்னவன் சேவியர். அப்போது ஆரோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கிரேன் ஓட்டுவது என்றால் மேலே ஏறி உட்காருவதில்லை. ஏசி அறையில் திரையைப் பார்த்தபடி விரல் நுனியால் கண்டெய்னரைத் தூக்கி இறக்குவது. கழுத்து பிடித்துக்கொள்ளும். பக்கத்து நாற்காலியில் இருந்த சேவியர் ஒட்டைக் கொடுத்தான். ஆரோனுடைய முதலை அந்த வாரமே போட்டுத் தீர்த்துவிட்டான். பிறகு அவனே அதைச் சொல்லி, ரொம்ப நன்றி மாப்ள என்றும் சொன்னான்.

"எங்கண்ணே வச்சிருக்கிய?" என்றான் சகாயம்.

"தீந்துட்டுல."

"என்னது தீந்துட்டு?"

"ஒன்னோடது. தேஞ்சு போச்சு. தூரப் போட்டுட்டேன்."

சகாயம் கொஞ்ச நேரம் கொடியில் ஆடுகிற துணிகளைப் பார்த்தான். அடிப்பான் என்று ஆரோன் நினைத்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

"எப்படி இருந்துச்சு?" என்று சகாயம் கேட்டான்.

"எது?"

"என் முதல். அத நான் ஒரு தடவதான பாத்தேன். நீங்க நாலஞ்சு தடவ பாத்திருப்பிய. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுல. வெயில் ஏறுதுக்கு முந்தி கடல் ஒரு மாதிரி அசையாமக் கெடக்கும்லா, அது மாதிரி."

சகாயம் தலையை ஆட்டினான். பிறகு படியிறங்கிப் போனான்.

ஆரோன் சகாயத்திடம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுதும் சொல்லவும் இல்லை. அவனிடம் ஒரு முதல் இருந்தது. சகாயத்துடையது அல்ல, ஜெசிந்தாவுடையது. பவுடர் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அதைப் பத்திரப்படுத்தியிருந்தான்.

ஜெசிந்தா இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பொழுதெல்லாம் ஐஸில் கை வைத்து நிற்கிற வேலை. பஸ் ஸ்டாப்பில் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவளிடம், "இதப் போட்டா கை மரத்துப்போறது நின்னுரும்" என்று சொல்லி ஒட்டைக் கொடுத்திருந்தான். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்க நின்ற ஒருத்திக்குக் கடைசியில் உட்கார இடம் கிடைத்ததுபோல் அவள் முகம் மாறிற்று. அவள் சிரிக்கவில்லை, அழுதாள். அது சாதாரண முதல் இல்லை என்று ஆரோனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் அதைத் தொடாமல் வைத்திருந்தான். இரக்கம் ஒன்றும் இல்லை. நல்ல மீன் துண்டைச் சோற்றின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துக் கடைசியில் தின்பதற்கு என்ன பெயரோ, அதுதான்.

மறுநாள் அவன் அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போனான். பழைய உப்புக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள். காத்திருப்போர் நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. டாக்டர் நுஸ்ரத் தானே எழுந்து வந்து அவனை உள்ளே கூட்டிப்போனார். காயல்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஒங்க மூளை அன்னைக்கு எழுந்த அந்த அலைய இன்னும் தேடிக்கிட்டே இருக்கு," என்றார். "தொலைஞ்சு போச்சுன்னு அது நெனைக்குது. அதான் இந்தத் தவிப்பு. அதே அலையத் திருப்பிக் குடுத்தாத் தேடுறத நிறுத்திரும். வேற ஆளோடது குடுத்தா நிக்காது, இன்னும் கூடத்தான் தேடும்."

"என்னோடது இல்ல டாக்டர். என்கிட்ட வேற ஒருத்தரோடது இருக்கு. அத இங்க வச்சிட்டுப் போயிரவா? அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி முடியாது. அவங்களே வச்சுக்கிட்டாத் திறக்காது, எடுத்து வச்சிருக்கிற ஆளு காதுக்குப் பின்னால இருந்தாத்தான் அது திறக்கும். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, ஒங்க வழியாத்தான் அது அவங்களுக்குப் போகணும். மயக்கமும் குடுக்க முடியாது. நீங்க முழிச்சிருக்கணும்."

"சரி."

"முழுக்கக் கேளுங்க. அடுத்தவங்க முதல் யார் கையில இருக்கோ, அவங்க வித்தவங்கன்னு சட்டம் சொல்லுது. எனக்குத் தெரிஞ்சா நான் போலீசுக்குச் சொல்லியாகணும். சொல்லலேன்னா இந்த எடத்த மூடிருவாங்க. ஒட்டு போட்டவங்களுக்கு வைத்தியம் உண்டு. வித்தவங்களுக்கு ஜெயில்தான், அங்க வைத்தியம் கெடையாது."

"போட்டவன்தான டாக்டர் வித்திருக்கான்? ரெண்டும் ஒரே ஆளுதான?"

"அது எனக்குத் தெரியும். சட்டம் எழுதுனவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா பாவம்னு சொல்ல ஒரு ஆளும், பாவின்னு சொல்ல ஒரு ஆளும் அவங்களுக்குத் தனித்தனியா வேணும்."

"நியூஸ்ல நெறைய பேருக்குச் சரியாப் போச்சுன்னு சொன்னாங்களே?"

"அவங்க சோதனைக்குச் சேந்தவங்க. அப்ப சட்டத்துல விலக்கு குடுத்திருந்தாங்க. இப்ப இல்ல." காலி நாற்காலிகள் இருந்த பக்கம் அவர் பார்வை போனது. "திறந்ததுலேருந்து நெறைய பேரு வந்து, எனக்கு என்னோடது வேணும்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. அடுத்தவங்களோடது என்கிட்ட இருக்குன்னு சொல்லி வந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க இன்னும் பேரு சொல்லல, நான் இன்னும் கேக்கல. வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கோங்க."

ஆரோன் வீட்டுக்குப் போனான். யோசித்தான் என்று சொல்ல முடியாது. அவன் கடைசியாக ஒரு முதலைப் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு பிற்பகலில் பவுடர் டப்பாவைத் திறந்து, ஜெசிந்தாவின் முதலை எடுத்து, காதுக்குப் பின்னால் வைக்கும் இடத்தை ஈரத் துணியால் துடைத்துக்கூட விட்டான்.

அப்போது வாசலில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எட்டிப் பார்த்தான். சகாயத்தின் மனைவி ரெஜினா. செருப்பில்லாமல், தலைமுடி அவிழ்ந்து, தெருவில் நின்றிருந்தாள்.

"கீழ வாங்க! ஒங்க தம்பி என்ன பண்ணியிருக்காருன்னு தெரியுமா? ஊர்லேருந்து எந்தம்பி விருந்துக்கு வந்தான். அவனுக்கு ஒட்டி விட்டுட்டாரு. தூக்கம் நல்லா வரும்னு சொல்லி ஒட்டி விட்டுட்டாரு! அவன் காலையிலேருந்து செவத்துல தலைய முட்டிக்கிட்டுக் கெடக்கான். ஒங்களுக்குச் சந்தோஷமா? இவர யாரு கெடுத்தது? சொல்லுங்க, யாரு?"

தெருவே எட்டிப் பார்த்தது. ஆரோன் கையில் அந்த நகத்தளவு தாள் ஒட்டிக்கொண்டு இருந்தது. ரெஜினா அழுது ஓய்ந்து போகும்வரை அவன் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு தாளைப் பஞ்சுக்குள் வைத்து மூடினான்.

இறால் கம்பெனி வாசலில் ஷிப்ட் மாறும் நேரம். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜெசிந்தா அவர்களோடு வரவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில் நின்று, வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டிருந்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அந்தப் பார்வை எதைத் தேடுகிறது என்று ஆரோனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவனைக் கண்டதும் அவள் ஓரடி பின்னால் போனாள்.

"எங்கிட்ட ஒண்ணுங் கெடையாதுண்ணே. இருந்ததத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டியள்லா."

"அதக் குடுக்கத்தான் வந்தேன்."

அவள் சிரித்தாள். சத்தமே வராத சிரிப்பு. "தேஞ்சு போனத வச்சு நான் என்ன செய்ய?"

"தேயல. நான் ஒரு தடவகூடப் போடல."

"பொய் சொல்லாதிய. எந்த ஒட்டுக்காரன் போடாம வச்சிருப்பான்?"

"நல்லா இருக்கும்னு தெரியும். கடைசிக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்."

ஜெசிந்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கூட்டம் கலைந்து பஸ் ஏறிவிட்டது.

"ஒனக்காகத்தான் வச்சிருந்தேன்னு நீங்க சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்," என்றாள். "எங்க போகணும்?"

இரண்டு படுக்கைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜெசிந்தா ஒன்றில், ஆரோன் ஒன்றில். நடுவில் ஒரு சிறு கருவி. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள். வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. "முடியுற வரைக்கும் உள்ள வரமாட்டாங்க, பேசியிருக்கேன்," என்றார் டாக்டர். பிறகு ஆரோன் பக்கம் குனிந்தார்.

"திறந்ததும் அது ஒங்கள இழுக்கும். நீங்க கொஞ்சம் இளகினாலும் ஒங்களுக்குள்ள எறங்கிரும். அப்புறம் அவங்களுக்கு மிஞ்சாது. மனச வேற எதுலயாவது வையுங்க. சாமி கும்பிடுவீங்களா?"

"அதுல நிக்காது டாக்டர்."

"அப்ப எது நிக்குமோ அது."

டாக்டர் ஒட்டை அவன் காதுக்குப் பின்னால் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. கதகதப்பான தண்ணீர் கால் விரலிலிருந்து ஏறுவதுபோல. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை நாள் எறும்பு ஊர்ந்த எலும்பெல்லாம் ஒரே நேரத்தில் அமைதியாயிற்று. கண்ணை மூடினால் போதும், எல்லாம் அவனுடையது. யாருக்கும் தெரியாது. மீதம் இல்லை, ஏற்கெனவே தேய்ந்திருக்கும் என்று சொல்லிவிடலாம்.

ஆரோன் கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்தபடி கிரேன் ஓட்ட ஆரம்பித்தான். கப்பல் மேல் கொக்கியை இறக்கு. நாலு மூலையும் பூட்டிற்றா பார். தூக்கு. காற்று இடமிருந்து அடிக்கிறது, ஆட்டத்தை அடக்கு. லாரி மேல் மெதுவாக இறக்கு. பூட்டைத் திற. திரும்பப் போ. அடுத்தது. ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று கிரேன்காரனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. கீழே வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பற்கள் கிட்டித்துப்போய் வாயில் ரத்தம் கரித்தது. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவன் இறக்கிக்கொண்டே இருந்தான்.

"போதும்," என்று டாக்டரின் குரல் கேட்டது. "போயிருச்சு. எல்லாம் போயிருச்சு."

திரும்பிப் பார்த்தான். ஜெசிந்தா ஒருக்களித்து, இரண்டு கைகளையும் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கும்வரை இருக்கலாமா என்று கேட்டான். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர், அதெல்லாம் முடியாது என்றார். வண்டி ஏறும்போது அவன் கால்கள் நடுங்குவதைப் பார்த்து, பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் செய்தியில் 'பெண் தொழிலாளிக்கு ஒட்டு விற்றவர் சிக்கினார்' என்று வந்தது. வழக்கு நீளவில்லை. இவனும் நோயாளிதான், சிகிச்சை கொடுங்கள் என்று அரசு கொடுத்த வக்கீல் வாதாடிப் பார்த்தார். அதே மனிதர் விற்றவராகவும் இருக்கையில் அவரை நோயாளி என்று கருதச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சற்று நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். தண்டனை ஏழு வருடம். சாட்சிக் கூண்டில் ஜெசிந்தாவிடம், உங்களுக்கு ஒட்டுக் கொடுத்தது இவர்தானா என்று கேட்டார்கள். "இவுகதான் குடுத்தாக. இவுகதான் திருப்பியும் குடுத்தாக," என்றாள். இரண்டாவது வாக்கியம் கேட்ட கேள்விக்கு வெளியே இருப்பதால் பதிவாகவில்லை.

ஜெயிலில் எறும்புகள் திரும்பி வந்தன. ஆரோன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், வாந்தி எடுத்தான், தறி ஓட்டக் கற்றுக்கொண்டான். எறும்புகள் போகவில்லை, ஆனால் அவற்றோடு நடக்க, சாப்பிட, உட்கார்ந்து ஒரு வேலை பார்க்க முடியும் என்று மெல்லத் தெரிந்தது. சகாயம் ஒரு தடவை வந்தான். மச்சினனின் முதலைத் தான் தொடவில்லை என்றும், ரெஜினா அதைப் பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறாள் என்றும் சொன்னான்.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு நாள் ஜெசிந்தா பார்க்க வந்தாள். கன்னம் நிறைந்திருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அவளைப் பார்த்ததும் ஆரோனுக்குத் தன் வாழ்க்கையில் ஒன்றாவது நேராயிற்று என்று தோன்றியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே தோணலண்ணே. ஒட்டுன்னு யாராவது சொன்னாக்கூட, வேற யாரோ ஊர்க் கத மாதிரி இருக்கு."

"நல்லதும்மா."

அவள் கம்பிவலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைத்தான்.

"உள்ள எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, பரவால்ல."

"ஒங்களக் கேக்கல. பொதுவாக் கேக்கேன். படுக்க எடம் குடுப்பாங்களா? பொம்பளங்க பக்கமும் இதே மாதிரித்தான் இருக்குமா?"

ஆரோனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் குரலைத் தாழ்த்தினான். "யாரோடது?"

"ஈஸ்வரவடிவுன்னு ஒரு பிள்ள. ஐஸ்ல என் பக்கத்துல நின்னு வேல பாத்தா. அக்கா அக்கான்னு வருவா. அவளோடத ஒரு தடவதான் போட்டேன். மிச்சம் இருக்கு. ஒரு தடவ போட்டது வேல செய்யுமான்னு டாக்டர்கிட்ட பொதுவாத்தான் கேட்டேன், அது போதும்னு சொல்லிட்டாங்க."

"ஜெசிந்தா, ஒனக்குச் சரியாப் போச்சு. வேல கெடச்சிருக்கு. ஒங்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பேசாம விட்டுரு."

"விட்டுரலாம்னுதான் இருந்தேன்." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "ஒட்டு போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப அவ மொகம் எனக்கு ஞாபகத்துக்கே வரலண்ணே. ஒரு நாள்கூட வரல. சரியாப் போனதுக்கப்புறந்தான் வருது. கடையில துணி மடிச்சுக்கிட்டிருப்பேன், அப்ப வருது."

ஆரோனுக்குள் எறும்புகள் ஊர்ந்தன. அவளுக்குள் இருப்பதற்கு எந்த டாக்டரிடமும் வைத்தியம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அப்படி ஒன்றுக்கு வைத்தியம் இருக்கக்கூடாது என்றும் தோன்றியது.

"காலையில தண்ணி சீக்கிரம் நின்னுரும்," என்றான். "மொத வரிசையில போய் நின்னுக்கோ. போர்வ குடுப்பாங்க, ஆனா சின்னதா இருக்கும், கால் வெளிய தெரியும். யாராவது வம்புக்கு வந்தா பதில் பேசாத. ரெண்டு மூணு வாரம் போனா அவங்களே நல்லாப் பேசுவாங்க."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நேரம் முடிந்ததென்று காவலர் பின்னால் வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு சார்," என்று அவரிடம் கெஞ்சிவிட்டு, கம்பிவலைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"சோப்பு உள்ள விடுவாங்களாண்ணே?"

"விடுவாங்க," என்றான் ஆரோன். "வரும்போதே ரெண்டு கொண்டு வந்துரு."